அடுப்பு பார்க்கும் படலம்

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இத்தனை பேர் கருத்துச் சொல்லவில்லை. சமையலறையைப் புதுப்பிக்கிறோமே, இந்தத் தடவை காசைப் பார்க்காமல் நல்ல அடுப்பாக ஒன்று வாங்கிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மதுரைப் பசுமலையிலிருந்து நியூஜெர்சி வரைக்கும் ஆளுக்கொரு அடுப்பு சொன்னார்கள்.

நியூஜெர்சி என்றது என் தம்பியை. அவன் வீட்டில் இருப்பது வுல்ஃப் அடுப்பு, சிவப்புத் திருகு வைத்தது. வீடியோ காலில் பிள்ளைகளை ஓரமாக நகர்த்திவிட்டு அடுப்பைத்தான் காட்டுவான். "அக்கா, 18,000 பிடியு. அதுக்குக் கீழ எதையும் தொடாத" என்றான்.

பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காக இயற்பியல் நடத்தியவளிடம் எண்ணைச் சொல்லலாமா? பேப்பரை எடுத்தேன். மணிக்கு 18,000 பிடியு என்றால் ஏறக்குறைய 5.3 கிலோவாட். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் சுமார் 12.7 யூனிட் வெப்பம். ஆக, அந்த ஒற்றை பர்னர் முழு வீச்சில் மணிக்கு 400 கிராமுக்கு மேல் குடிக்கும். நம் 14.2 கிலோ சிலிண்டர் அதற்கு 34 மணி நேரத் தீனி. நாலு பர்னரையும் சேர்த்துத் திருகினால் விஷயம் இன்னும் வேடிக்கை. சிலிண்டருக்குள் திரவமாக இருப்பது ஆவியாக வேண்டும். அதற்கான வெப்பத்தைத் தன் உடம்பிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அவசரமாக உறிஞ்சினால் சிலிண்டர் சில்லிட்டு, வெளியே வேர்த்து, உள்ளே அழுத்தம் இறங்கிப்போகும். சித்திரை மாத மதுரையில் குளிரில் நடுங்குகிற ஒரே ஜீவன் எங்கள் வீட்டு சிலிண்டராக இருக்கும்.

தம்பியிடம் சொன்னேன். "அப்ப நான் என்னோட அடுப்பையே அனுப்பட்டுமா?" என்றான், ஏதோ பழைய ஸ்வெட்டரை அனுப்புகிறவன் மாதிரி. அவன் ஊரில் குழாயில் வருவது இயற்கை எரிவாயு. அதற்கான ஜெட்டின் துளை பெரிது. அதை மாற்றாமல் எல்பிஜியை விட்டால் தீ மஞ்சளாக எழும்பி, பாத்திரத்தின் அடியெல்லாம் கரி பிடிக்கும். விறகடுப்பிலிருந்து தப்பித்து வந்த குடும்பம் லட்சக்கணக்கில் செலவழித்துக் கரிக்குத் திரும்புவதா?

லண்டனிலிருக்கும் நாத்தனார் மகள் வேறொன்று சொன்னாள்: ஆகா அடுப்பு. இதன் கதை எனக்குப் பிடித்த கதை. குஸ்டாஃப் டாலன் என்ற ஸ்வீடன்காரர், கலங்கரை விளக்குகளுக்கான தானியங்கிக் கருவிக்காக 1912இல் நோபல் பரிசு பெற்றவர். அதே வருஷம் அசிட்டிலின் வெடித்துக் கண்பார்வை போயிற்று. வீட்டோடு இருந்த காலத்தில், மனைவி அடுப்படியில் படுகிற பாடு அவருக்கு உறைத்திருக்கிறது. 1922இல் பிறந்தது அந்த வார்ப்பிரும்பு அடுப்பு. பார்வை போன பிறகு ஒருவருக்குத் தெரிந்த சங்கதி, இரண்டு கண்ணும் நன்றாக இருக்கும் எத்தனையோ பேருக்கு இன்னும் தெரியவில்லை. பெயர் சொல்ல மாட்டேன், அவர் இதை வாசிப்பார். ஆனால் அந்தக் காலத்து ஆகாவை அணைக்கவே கூடாது. ராப்பகலாக உள்ளுக்குள் கனன்று வீட்டையும் கதகதப்பாக வைத்திருக்குமாம். கத்திரி வெயிலில் பசுமலை வீட்டுக்குக் கதகதப்பு! மலைப்பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி இலவசமாகவே அனுப்பிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் ஊஞ்சலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அத்தை, அதாவது என் மாமியார், கருத்தே சொல்லவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பைபாஸ் ரோட்டுக் கடைக்குக் கிளம்பியபோது கையில் ஒரு கட்டைப்பையோடு வந்து ஆட்டோவில் ஏறினார். பழங்காநத்தம் தாண்டும்போது பள்ளத்தில் ஆட்டோ குலுங்க, பை 'ணங்' என்றது.

கடையில் ஏசி, கண்ணைக் கூசவைக்கும் விளக்கு, வரிசையாகக் கறுப்புக் கண்ணாடி அடுப்புகள். டை கட்டிய பையன் தொடங்கினான். "மேடம், இது எட்டு எம்எம் டஃபன்டு கிளாஸ். பர்னர் இத்தாலி."

அத்தை கட்டைப்பைக்குள் கையை விட்டு, எழுகடல் தெருவில் எந்தக் காலத்திலோ வாங்கிய இரும்புத் தோசைக்கல்லை எடுத்து அடுப்பின் மேல் வைத்தார்.

"அம்மா, கண்ணாடிம்மா!"

"தெரியுதுப்பா. கண்ணாடியில எதுக்கு அடுப்பு செஞ்சீக?"

பையனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அந்தக் கண்ணாடி எடையைத் தாங்கும், உண்மைதான். ஆனால் ஓரத்தில் விழுகிற ஒரு அடிக்கு மொத்தமாகக் கற்கண்டு போல உதிர்ந்துவிடும். அகலமான கல்லை வைத்தால் சூடு அடியில் தேங்கிக் கண்ணாடிக்கே திரும்பும். தோசைக்கல்லும் இட்லிக் கொப்பரையும் மாறி மாறி ஏறுகிற வீட்டில் அது எத்தனை நாள் நிம்மதியாக இருக்கும்?

அடுத்து வந்தது தாளிப்புக் கரண்டி. கோட்டை மாதிரி நிற்கும் வார்ப்பிரும்புத் தாங்கியின் கம்பிகளுக்கு நடுவே அது நிற்காமல் சாய்ந்தது. நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் அடுப்பில் கடுகு தாளிக்க ஒரு ஆள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மூன்றாவது, மண்சட்டி. "இதுல அயிரை மீன் குழம்பு சுண்டணும். தீயைக் குறைச்சுக் காட்டு."

"கனெக்‌ஷன் இல்லம்மா, இது டிஸ்ப்ளே பீஸ்."

இதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. சேலையை உடம்பில் வைத்துப் பார்க்கிறோம், தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம், அடுப்பை மட்டும் எரித்துப் பார்க்காமல் வாங்குகிறோம். பெட்டியில் அச்சடித்திருப்பதெல்லாம் அதிகபட்சத் தீ எவ்வளவு என்றுதான். குறைந்தபட்சம் எவ்வளவு குறையும், குறைந்த பிறகும் சீராக நின்று எரியுமா என்பதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. நம் சமையலில் பாதி 'சிம்'மில்தான் நடக்கிறது. பாயாசத்துக்குப் பால் சுண்டுவது, பொங்கலுக்குப் பருப்பு குழைவது, தம் போடுவது எல்லாம் அங்கேதான். பெரிய தீ வேண்டுமென்றால் பொழுது சாய்ந்து தெருமுனைக்குப் போனால் போதும். 19 கிலோ சிலிண்டரில் ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டி, பரோட்டா மாஸ்டர் நம் சார்பாக எரித்துக்கொண்டிருப்பார். வீட்டு அடுப்புக்கு ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கும் ஐஎஸ் 4246 தரவிதி கேட்பது வேறு: எரிகிற வாயுவின் வெப்பத்தில் குறைந்தது 68 சதவீதம் பாத்திரத்துக்குள் போக வேண்டும். சின்னப் பாத்திரத்தின் இரண்டு பக்கமும் ஏறி நக்குகிற தீ பார்க்க கம்பீரம்தான். அது சூடாக்குவது சமைக்கிறவரை.

பையனுக்கு இன்னொரு சோதனையும் பாக்கி இருந்தது. "பால் பொங்கி வழிஞ்சா எங்கிட்டுப் போகும்?"

"வழியக் கூடாதும்மா" என்றான் அந்த அப்பாவி.

புது அடுப்பில் முதல் வேலையே பாலை வழியவிட்டுக் குலவை போடுவதுதான் என்று அவனுக்கு யாரும் பயிற்சியில் சொல்லவில்லை போலிருக்கிறது. மேடையை வெட்டிப் பதிக்கிற அடுப்பில் வழிந்த பால் இண்டு இடுக்குகளில் இறங்கினால் துடைக்கக் கையும் போகாது. கஞ்சித் தண்ணீரில் உப்பு வேறு. அலுமினிய பர்னரை அது மெல்ல அரிக்கும், பித்தளை ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

நான் பிடிவாதம் பிடித்தது ஒன்றே ஒன்றுக்கு. தீ அணைந்தால் வாயுவைத் தானே மூடுகிற அமைப்பு. தீக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உலோக முனை இருக்கும். அது சூடாக இருக்கும்வரை துளி மின்சாரம் உண்டாகி வால்வைத் திறந்து பிடித்திருக்கும். ஆறினால் வால்வு மூடிக்கொள்ளும். இதற்காகப் பற்றவைக்கும்போது திருகைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். "அதுக்குள்ள நான் காப்பியே போட்டுருவேன்" என்றார் அத்தை. ஆடிக்காற்று எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக வந்து தீயை ஊதிவிட்டுப் போவதையும், எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும் என்பதையும் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துவது போல நடத்தினேன். கேட்டுக்கொண்டார். மருமகள் சொல்லி மாமியார் கேட்டுக்கொண்ட அதிசயத்தைக் கடையில் யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

தேடித் தேடிக் கடைசியில் மூலையிலிருந்த ஒன்று படிந்து வந்தது. எஃகு மேல்தட்டு, மூன்று பித்தளை பர்னர், அதில் ஒன்று குட்டி, தாளிப்புக் கரண்டிக்கென்று தனி வளையம், அணைந்தால் மூடும் வால்வு. கிரானைட்டை வெட்டாமல் மேடை மேலேயே உட்காரும். விலை கண்ணாடிச் சீமான்களில் பாதிக்கும் கீழே. தம்பிக்குப் படம் அனுப்பினேன். "திருகு கறுப்பா இருக்கே" என்று பதில் வந்தது.

பில் போடும்போது அத்தை கேட்டார்: "லைட்டர் எங்கப்பா?"

"அம்மா, இதுல ஆட்டோ இக்னிஷன். திருகினாலே பத்திக்கும். லைட்டரே தேவையில்ல."

"சரிப்பா. லைட்டர் எங்க?"

பையன் என்னைப் பார்த்தான். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்தான். அத்தை அதை அங்கேயே நாலு தடவை தட்டி, பொறி வருகிறதா என்று பார்த்து, கட்டைப்பையில் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எரித்துப் பார்த்து வாங்கிய ஒரே பொருள் அதுதான்.