நிற்றல் திணை: கோடம்பாக்கத்து உதவி இயக்குநர் குறித்து ஓர் ஆய்வு

1. நிலமும் கருப்பொருளும்

ஐந்திணைக்கு இலக்கணம் வகுத்த முன்னோர் கோடம்பாக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதன் தலைமகன் இயக்குநராக விரும்பி, அதற்காக உதவி இயக்குநராகச் சேர விரும்பி, அதற்காக ஏதோ ஓர் அலுவலக வாசலில் நின்றுகொண்டிருப்பவன். தலைமகளும் உண்டு, எண்ணிக்கையில் குறைவு.

இத்திணைக்கு நிலம் வடபழனி, சாலிகிராமம், விருகம்பாக்கம், வளசரவாக்கம். பெரும்பொழுது, பூஜை போட்ட நாள் முதல் பூசணிக்காய் உடைக்கும் நாள் வரை. சிறுபொழுது, யூனிட் வண்டி வரும் விடியற்காலை. தெய்வம் வடபழனி முருகன். உணவு டீ, ஷூட்டிங் இருந்தால் புரொடக்‌ஷன் சாப்பாடு. கருவி பரீட்சை அட்டையும் அதன் கிளிப் கவ்விய சீன் பேப்பரும். உரிப்பொருள் நிற்றல். முல்லைத் தலைவிக்காவது காத்திருக்க ஒரு வீடு இருந்தது.

2. ஆய்வுச் சிக்கல்

வாய்ப்புக் கேட்டால் "யார்கிட்ட வேலை பார்த்திருக்கே?" என்கிறார்கள். யாரிடமாவது வேலை பார்த்திருக்க வேண்டுமானால் யாராவது வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். தருக்க நூலார் இதை அன்னியோன்னியாசிரயம் என்ற குற்றத்தில் சேர்ப்பார்கள். அவர்கள் தீர்க்காமல் விட்ட இச்சிக்கலைக் கோடம்பாக்கம் நிற்றலால் தீர்த்துவைத்திருக்கிறது. தினமும் வாசலில் தென்படும் முகம் வாட்ச்மேனுக்குப் பழகும். பிறகு மேனேஜருக்குப் பழகும். உள்ளே ஆள் குறையும் ஒரு நாளில், "தம்பி, இதை ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டு வா" என்று ஒரு குரல் வரும். ஜெராக்ஸோடு திரும்பியவன் அதன்பின் வாசலில் நிற்பதில்லை, உள்ளே நிற்கிறான். எனவே நமது கருதுகோள்: எங்கே நிற்பது என்று கற்றவனே இயக்குநராகிறான்.

3. நிற்றலின் வகைகள்

வாசல் நிலையை மேலே கண்டோம். அடுத்தது கிளாப் நிலை. கிளாப் பலகையில் சீன், ஷாட், டேக் எண்கள் இருக்கும். கட்டை மோதும் பிரேமையும் அந்த ஓசையையும் எடிட்டர் ஒன்றுசேர்த்தால் படமும் ஒலியும் பொருந்தும். வைட் லென்ஸ் என்றால் பலகையைக் கேமராவுக்குக் கிட்டத்தில் காட்ட வேண்டும். இல்லையேல் எண் தெரியாது. டெலி லென்ஸில் க்ளோசப் என்றால் நடிகரின் முகத்தருகே போய், அவர் கண்ணில் வந்த கண்ணீர் திரும்பிப் போய்விடாதபடி மெல்லத் தட்டி, அடுத்த கணம் மறைந்துவிட வேண்டும். பிலிம் காலத்தில் 35 மி.மீ. சுருள் நொடிக்கு 24 பிரேம், அதாவது ஒன்றரை அடி ஓடியது. டேக் எண் நினைவுக்கு வராமல் 3 நொடி விழித்தவன் நாலரை அடி பிலிமைத் தின்றவனானான். டிஜிட்டலில் அடிக்கணக்கு ஒழிந்தது, திட்டு ஒழியவில்லை.

மூன்றாவது கன்டினியுட்டி நிலை. பொள்ளாச்சியில் வீட்டு வாசற்படியைத் தாண்டும் கதாநாயகன், மூன்று வாரம் கழித்து சென்னையில் போட்ட செட்டில்தான் கூடத்தை அடைவார். அதற்குள் பை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறியிருக்கக் கூடாது. சட்டைக் கையின் மடிப்பு கூடியிருக்கக் கூடாது. நெற்றிக் காயம் புருவம் மாறியிருக்கக் கூடாது. எல்லோரும் கதாநாயகனின் முகத்தைப் பார்க்கும்போது அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதற்கென்றே அங்கு ஒருவன் நிற்கிறான்.

நான்காவது பிராம்ப்ட் நிலை. தமிழ் தெரியாத நடிகைக்கு, கேமராவை ஒட்டி அவர் பார்வை போகும் இடத்தில் நின்று, வசனத்தைத் துண்டு துண்டாக எடுத்துக் கொடுப்பது. "நீ என்னை மறந்துட்டே இல்ல?" என்று நாள் முழுக்கக் காதலோடு கேட்ட இவனது குரல் டப்பிங்கில் அழிந்துபோகும். ஐந்தாவது மானிட்டர் நிலை: இயக்குநரின் தோளுக்குப் பின்னால் அசோசியேட்டும் கோ-டைரக்டரும் நிற்கும் இடம். சீரியல் யூனிட்டில் ஒரே நாளில் சீன் சீனாக எடுத்துத் தள்ளுவதால் கிளாப், கன்டினியுட்டி, பிராம்ப்ட் மூன்றிலும் ஒருவனே ஒரே சமயத்தில் நிற்பதும் உண்டு.

4. குருபரம்பரைச் சான்று

புட்டண்ண கனகலிடம் நின்றவர் பாரதிராஜா. '16 வயதினிலே' (1977) படத்தில் பாரதிராஜாவிடம் நின்றவர் பாக்யராஜ். பாக்யராஜிடம் நின்றவர்கள் பாண்டியராஜனும் பார்த்திபனும். இன்னொரு கிளையில் விக்ரமனிடம் கே.எஸ்.ரவிகுமார், அவரிடம் சேரன். மற்றொன்றில் பாலுமகேந்திராவிடம் பாலா, பாலாவிடம் அமீர். வெற்றிமாறனும் பாலுமகேந்திராவின் பட்டறைதான். சைவ மடங்களுக்கு நிகரான பரம்பரை இது. தீட்சைக்குத் திருநீற்றுக்குப் பதில் சாக்பீஸ் தூள்.

5. மறுப்பும் விடையும்

யாரிடமும் நிற்காமலே 'பல்லவி அனுபல்லவி'யை (1983) எடுத்தாரே மணிரத்னம் என்று மறுப்பார் கேட்கலாம். வங்கி வேலையிலிருந்து குறும்படம் வழியாக 'மாநகரம்' (2017) எடுத்த லோகேஷ் கனகராஜையும், 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சியிலிருந்து 'பீட்சா'வுக்கு (2012) வந்த கார்த்திக் சுப்பராஜையும் காட்டலாம். விடை: மணிரத்னம் நிற்கவில்லை, ஆனால் அவரிடம் சுதா கொங்கரா பல ஆண்டுகள் நின்றார். குறும்படக்காரரோ எல்லா நிலைகளிலும் தாமே நிற்கிறார். நண்பன் நடிக்க, தாமே கிளாப் அடித்து, தாமே திட்டிக்கொள்கிறார். ஆகவே கருதுகோள் வீழவில்லை.

6. ஆய்வின் வரம்பு

ஆனால் கருதுகோளை வீழ்த்தக்கூடிய குறை ஒன்று உண்டு. மேற்கண்ட சான்றுகள் அனைத்தும் டைட்டில் கார்டிலிருந்து எடுக்கப்பட்டவை. வாடகை கட்ட முடியாமல் அறையைக் காலி செய்து ஊருக்குப் போனவர்களுக்கு டைட்டில் கார்டு கிடையாது. ஷூட்டிங் நாட்களில் பேட்டா உண்டு. மாதக்கணக்கில் நீளும் கதை டிஸ்கஷனில் பெரும்பாலும் சாப்பாடு மட்டும்தான். அந்த மாதங்களைத் தாங்க வீட்டிலிருந்து பணம் வருபவன் நிற்கிறான். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவன் போய்விடுகிறான். ஆக, திறமையை அளப்பதாக நாம் எண்ணிய கருவி பாதி நேரம் மணியார்டரை அளந்திருக்கிறது.

எனவே பரிந்துரை ஒன்றே: டிஸ்கஷன் நாட்களுக்கும் சம்பளம் தர வேண்டும். கதை பேசும்போது உதவி இயக்குநருக்கு வீட்டு வாடகை ஏறுவதில்லை என்று எந்தத் தயாரிப்பாளராவது நிறுவினால், இப்பரிந்துரை உடனே திரும்பப் பெறப்படும்.