லேலேயின் போர்வை

2001 கோடையில் சபுன்ட்சாவில் நான் தங்கியிருந்த வீட்டு அம்மாவை ஊரே 'லேலே' என்றுதான் கூப்பிட்டது. வயதில் மூத்த பெண்களை அந்தப் பக்கம் மரியாதையாக அழைக்கும் சொல். நானும் அப்படியே அழைத்தேன்.

ருமேனியாவின் வட எல்லையில், மராமுரேஷ் மாவட்டத்தில் இருக்கிறது சபுன்ட்சா. ஒரே கிராமம்தான், அதுவே ஓர் ஊராட்சி. தெற்கே மலைக்காடு. அங்கிருந்து ஊரின் பெயரையே கொண்ட சிற்றாறு இறங்கி வந்து வடக்கே திசாவில் கலக்கிறது. திசாவுக்கு அக்கரை உக்ரைன்.

லேலே ஆட்டு ரோமத்தில் போர்வை நெய்வார். சடை சடையாக மயிர் தொங்கும் கனத்த போர்வை, செர்கா என்பார்கள். நெய்ததும் ஆற்றோரம் தூக்கிப் போவோம். சிற்றாற்று நீரை மரவாய்க்காலில் திருப்பி, பலகைகள் அடித்த பெரிய கூம்புத் தொட்டிக்குள் உயரத்திலிருந்து விழவிட்டிருப்பார்கள். நீர் விழும் வேகத்தில் போர்வை சுழன்று சுழன்று, மயிர் பொங்கி எழும்பிவிடும். மின்சாரம் கிடையாது. ஒரு பிற்பகல் முழுக்க நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

கல்லறைத் தோட்டத்துக்கும் அவர்தான் கூட்டிப் போனார். ஸ்டான் யோன் பத்ராஷ் என்ற மரச்சிற்பி 1935-இல் தொடங்கிய வேலை அது. நீலம் பூசிய ஓக் மரச் சிலுவைகள். ஒவ்வொன்றிலும் இறந்தவர் வாழ்ந்த கோலம், அல்லது இறந்த விதம்: ஆடு மேய்ப்பவர், தறியில் இருப்பவள், கோப்பையும் கையுமாக ஒருவர், காரில் அடிபட்ட குழந்தை. படத்தின் கீழே இறந்தவரே பேசுவதுபோல் ஊர்ப் பேச்சில் பாட்டு. குடித்ததையும் சண்டை போட்டதையும் மறைப்பதில்லை. பத்ராஷ் 1977-இல் இறந்த பிறகு அவருடைய சீடர் தூமித்ரு போப் உளியை எடுத்துக்கொண்டார். உலகம் இதை 'மகிழ்ச்சிக் கல்லறை' என்கிறது. அந்தக் குழந்தையின் சிலுவைக்கு முன் நின்ற பிறகு அந்தப் பெயர் என் வாயில் வரவில்லை. லேலே சொன்னதுதான் சரி: "எங்க ஊர்ல யாரும் ஊமையாப் போறதில்லை."

2023 செப்டம்பரில் மறுபடி போனேன். இடையில் 2002-இல் ருமேனியர்கள் ஷெங்கன் நாடுகளுக்குப் போக விசா வேண்டாமென்று ஆனது. 2007-இல் ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் மரவீடுகள் இருந்த இடத்தில் மாடிவீடுகள் எழும்பியிருந்தன. ஆகஸ்டில் வெளிநாட்டு எண் கார்கள் வாசலை அடைத்து நிற்குமாம். நான் போனபோது தெருவில் பூட்டுகள்தான் இருந்தன. கல்லறைத் தோட்ட வாசலில் மட்டும் சுற்றுலாப் பேருந்துகள்.

திசா எனக்கு அன்று வெறும் ஆறு. இப்போது போருக்கு அஞ்சி அக்கரையிலிருந்து நீந்தி வரும் ஆண்களில் சிலர் அதிலேயே மூழ்கிப்போகிறார்கள்.

லேலே இல்லை. அவருடைய கடைசி மாதங்களில் மகள் இத்தாலியில் வேறொரு மூதாட்டிக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். மகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் தாய்க்கு மருந்து வந்தது.

பெரியவர் சிலுவையைக் காட்டினார். லேலே தறியில் உட்கார்ந்திருந்தார். போர்வையின் சிவப்புக் கோடுகூட விடுபடவில்லை. என் ருமேனிய மொழி போதாததால் பாட்டை அவரே வாசித்தார். நாலு வரி போனதும் நிறுத்திவிட்டார்.

"லேலே இவ்வளவு மெதுவாப் பேசமாட்டாளே" என்று சொல்லி, முதலிலிருந்து வேகமாக வாசிக்கத் தொடங்கினார்.