கலிபோர்னியாவில் ஒரு சுயம்வரம்

1964-ல் எவரெட் ஷோஸ்ட்ராம் என்ற உளவியலாளருக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. மனநல ஆலோசனையில் அன்று கொடிகட்டிப் பறந்த மூன்று ஜாம்பவான்களை ஒரே பெண்ணின் எதிரில், ஒருவர்பின் ஒருவராக உட்கார வைத்துப் படம் பிடித்தால் என்ன? மாணவர்களுக்குப் பாடம் என்று பேர். யார் சரக்கு ஒசத்தி என்று தெரிந்துகொள்ளும் குறுகுறுப்பு உள்ளே இருந்திருக்காதா என்ன!

பெண்மணி பெயர் குளோரியா. வயது முப்பதை ஒட்டி. விவாகரத்தானவர். 'அப்பா போனப்புறம் வேற ஆம்பளைங்களோட இருந்திருக்கியாம்மா?' என்று மகள் கேட்டுவைக்க, பதறிப்போய் 'இல்லை' என்று புளுகிவிட்டார். அந்தப் பொய் உறுத்துகிறது. உண்மையைச் சொல்லலாமா, கூடாதா? அவ்வளவுதான் கேள்வி.

முதலில் கார்ல் ரோஜர்ஸ். எதிரே இருப்பவரை நிபந்தனையின்றி ஏற்றுக்கொள், அவர் மனசுக்குள் புகுந்து பார், நீயும் வேஷம் போடாதே, ஆள் தன்னால் தேறிவிடுவார் என்று 1957-லேயே எழுதிவைத்தவர். அறிவுரை சொல்வது அவர் மதத்தில் மகாபாவம். அம்மணி எந்தப் பக்கம் வளைத்தாலும் ஒரு 'ம்ம்', ஒரு கனிவான தலையாட்டல். என்னிடம் பதில் இருந்தால் கொடுத்துவிட மாட்டேனா என்று அங்கலாய்த்தார். இதைத்தான் சொல்வீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன் என்றார் குளோரியா. ஆனால் அரைமணி முடிவதற்குள் கண் கலங்கி, நீங்கள் எனக்கு அப்பாவாக இருந்திருக்கலாம் என்றும் சொல்லிவிட்டார். நீயும் நல்ல மகளாகத்தான் தெரிகிறாய் என்றார் பெரியவர். கேள்வி மட்டும் போட்ட இடத்திலேயே கிடந்தது.

அடுத்து ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், கெஸ்டால்ட் சிகிச்சையின் தந்தை, கையில் சிகரெட். இவருக்குப் பழங்கதை வேண்டாம். இந்த நிமிஷம் உன் முகம், கை, கால் என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். பயமாக இருக்கிறது என்றார் குளோரியா. பயப்படுகிறவள் சிரிப்பாளா என்று மடக்கினார் பெர்ல்ஸ். நீ போலி என்று முகத்துக்கு நேரே சொன்னார். அம்மணிக்கு வந்ததே கோபம்! இப்போதுதான் நிஜமாக இருக்கிறாய் என்று கிழவருக்குப் பரம சந்தோஷம். நம்மூரில் இதே வேலையை மாமியார்கள் இலவசமாகச் செய்கிறார்கள்.

மூன்றாமவர் ஆல்பர்ட் எல்லிஸ். நம்மைக் கெடுப்பது நடந்த சம்பவம் அல்ல, அதைப்பற்றி 'ஐயோ, குடி முழுகிப்போச்சு' என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வதுதான் என்பது இவர் கட்சி. அனுபவத்தில் கண்டது. 19 வயதில் பெண்களிடம் பேசக் கூச்சம். பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவில் பெஞ்சு பெஞ்சாகப் போய் உட்கார்ந்து சுமார் 100 பெண்களிடம் பேச்சுக் கொடுத்தார். ஒரே ஒருத்தி மறுபடி சந்திக்கச் சம்மதித்தாள், அவளும் வரவில்லை. குடி முழுகவில்லை, கூச்சம்தான் தொலைந்தது. அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கதை. குளோரியாவுக்கும் ஆண்களிடம் தைரியமாகப் பழகிப் பார் என்று வீட்டுப்பாடம் கொடுத்தார். கொடுத்த வேகத்தில் அம்மணிக்கு வாய் திறக்க இடம் கிடைத்ததுதான் கம்மி.

படம் முடிந்ததும் ஷோஸ்ட்ராம் கேட்டார்: மாலை யாருக்கு? வைது தீர்த்த பெர்ல்ஸுக்குத்தான் என்றார் குளோரியா! ரோஜர்ஸ் கட்சிக்காரர்களுக்கு முகம் எப்படிப் போயிருக்கும்?

அப்புறம் ஆற அமர யோசித்தபோது, பெர்ல்ஸ் ஆட்டிவைத்தபடி ஆடிவிட்டோமே என்று அம்மணிக்கு ஆத்திரம் வந்தது. சுமார் ஒரு வருஷம் கழித்து ரோஜர்ஸ் தம்பதியோடு சாப்பிட உட்கார்ந்தவர், உங்களை மானசீகமாக அப்பா அம்மாவாக வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். தாராளமாக என்றார்கள். குளோரியா சாகும்வரை ரோஜர்ஸுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஒரு கேள்விக்காவது ரோஜர்ஸ் நேரடியாகப் பதில் சொன்னாரே!