தூக்கிப் போடலாமா?

கேள்வி: டயல்-அப் மோடம் பெட்டியில் 56 கே (நொடிக்கு 56 கிலோபிட்) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இணைப்போ 33-ஐத் தாண்டுவதில்லை. அதுவும் அடிக்கடி அறுந்துபோகிறது. மோடத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: போடலாம். கூடவே தொலைபேசிக் கம்பியையும் தூக்கிப் போட முடியுமா? குற்றவாளி பெரும்பாலும் அதுதான். அந்த 56 பெட்டிக்கு அழகு. அமெரிக்காவிலேயே அந்நாளில் தொலைபேசிக் கம்பிக்கான மின்திறன் விதியால் 53-க்கு மேல் விடவில்லை. 1998-ல் 56 கே மோடங்களுக்கென வந்த வி.90 முறைப்படி, இணைய நிறுவனத்திலிருந்து உங்கள் வீடு வரும் வழியில் ஒரே ஓர் இடத்தில்தான் டிஜிட்டல் அனலாகாக மாறலாம். நடுவில் பழைய பிபிஎக்ஸ் (அலுவலகத் தொலைபேசி இணைப்பகம்) ஏதாவது புகுந்து இன்னொரு முறை மாற்றினால், மோடம் சத்தமில்லாமல் 33.6-க்கு இறங்கிவிடும். உங்கள் 33 அப்படி வந்ததாக இருக்கலாம்.

‘பேச்சு தெளிவாகத்தானே கேட்கிறது’ என்பீர்கள். காதுக்குப் பெரிய மனசு. கரகரப்பை மன்னித்து, விட்டுப்போன சொல்லைத் தானே நிரப்பிக்கொள்ளும். மோடமோ கறார் கணக்குப்பிள்ளை. ஒரு பிட் பிசகினாலும் திரும்பக் கேட்கும்; இரைச்சல் கூடினால் வேகத்தைக் குறைத்துப் பேரம் பேசும்; படியாவிட்டால் எழுந்து போய்விடும். திடீர் திடீரென அறுந்தால் கால் வெயிட்டிங் ‘பீப்’ மீதும், அடுத்த அறையில் யாரோ எடுக்கும் எக்ஸ்டென்ஷன் ஃபோன் மீதும் சந்தேகப்படுங்கள். மற்றதையெல்லாம் கழற்றிவிட்டு மோடத்தை நேரே சுவர் சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். அப்போதும் படுத்துகிற மோடம் வேறொரு வீட்டு லைனில் ஒழுங்காக ஓடினால், லைன்மேனைக் கூப்பிடுங்கள். அங்கேயும் படுத்தினால் தாராளமாகத் தூக்கிப் போடுங்கள்.