மலையேறிய இலக்குகள்

ஐந்தாண்டு இலக்கு வகுக்க ஊழியர்களைக் கொடைக்கானலுக்கு வண்டியேற்றுவது கம்பெனிகளின் வழக்கம். இப்போது அங்கே ‘ஓப்பன் ஸ்பேஸ்’ என்ற கூட்ட முறை: வட்டமாக நாற்காலி, நிகழ்ச்சி நிரல் கிடையாது, எதையும் பேசலாம், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். கூட்டத்தை நடத்துபவரின் வேலை குறுக்கே பேசாமலிருப்பது, அதற்குத்தான் கட்டணம்.

1980-களில் இதை வகுத்த அமெரிக்கர் ஹாரிசன் ஓவன், மாநாட்டில் உருப்படியானது காபி இடைவேளைதான் என்று கண்டுகொண்டவர். கொடைக்கானல் மலையில் காபி விளையும் தாண்டிக்குடிப் பக்கம் டீக்கடை பெஞ்சே இந்த வேலையைச் செய்துவிடும். ஊர் கூடிப் பேச கிராம சபையும் உண்டு, ஆண்டுக்கு ஆறு நாள். அங்கும் எழுந்து போகலாம், தீர்மானம் மட்டும் பல ஊர்களில் முன்கூட்டியே தயார்.

கொடைக்கானலிலோ, கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் மூடுபனி இறங்கியதும் தொலைநோக்குத் திட்டம் முடிகிறது. ஏகமனதாக நிறைவேறும் தீர்மானம் ஒன்றுதான்: அடுத்த கூட்டம் சீசனில்.