தாக்கங்கள் மூன்று, நன்றி ஒன்று

மைசூர்க் கல்லூரிகளில் நான்காம் மைசூர்ப் போர் ஆண்டுதோறும் நடக்கிறது. ஆயுதம், பவர்பாயின்ட். 1799 ஏப்ரலில் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட கிழக்கிந்தியக் கும்பெனிப் படை மே 4 அன்று கோட்டைக்குள் புகுந்துவிட்டது. நம் மாணவர் குழுவுக்கு முதல் ஸ்லைடின் நிறத்தை முடிவுசெய்யவே அவ்வளவு காலம் ஆகிறது. குழுவில் ஐந்து பேர். உழைப்பவர் ஒருவர், பெயர் போட்டுக்கொள்பவர் நால்வர்.

‘காரணங்கள்’ ஸ்லைடு ஸ்லைடாக நீள்கிறது. ‘தாக்கங்கள்’ வந்ததும் மூச்சு வாங்குகிறது: அரசியல், பொருளாதாரம், சமூகம். மூன்றும் பானிபட்டுக்கும் பிளாசிக்கும்கூடப் பொருந்தும். ஐந்து வயதுகூட நிரம்பாத மும்மடி கிருஷ்ணராஜ உடையார் அரியணை ஏறியது, திப்புவின் அமைச்சர் பூர்ணய்யாவே புதிய ஆட்சிக்கும் திவானானது, தலைநகர் மைசூருக்கு வந்தது, கோவை கும்பெனியிடம் போனது, மைசூர் ராக்கெட்டைப் பார்த்து இங்கிலாந்தில் காங்கிரீவ் ராக்கெட் செய்தது, இவை எதற்கும் இடமில்லை. ‘நன்றி’ ஸ்லைடில் மட்டும் ரோஜா சுழன்று சுழன்று மலர்கிறது.

“போருக்குப் பிறகு மைசூரை ஆண்டது யாருப்பா?” என்கிறார் பேராசிரியர்.

“சார், அது அவனோட ஸ்லைடு. அவன் இன்னிக்கு லீவு.”