குதிரைக்காரருக்குக் கூடைப்பந்து பிடிக்குமா?

2023 ஜூனில் டென்வர் நக்கெட்ஸ் முதன்முறையாக என்பிஏ கோப்பையை வென்றது. இறுதித்தொடரின் சிறந்த வீரர், செர்பியாவின் நிக்கோலா யோகிச். துள்ளிக் குதித்தாரா? வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்றார். வெற்றி ஊர்வலம் வியாழக்கிழமை என்றதும், லீவு கிடைக்காத குமாஸ்தாவைப் போல முகம் வாடினார்.

போதாதா? இவருக்கு ஆட்டத்தின் மேல் காதலே இல்லை என்று ரசிக மகாஜனங்கள் தீர்ப்பெழுதிவிட்டார்கள். காதல் இருந்தால் மார்பில் அறைந்துகொள்ள வேண்டாமா? கேமராவைப் பார்த்துக் கர்ஜிக்க வேண்டாமா? இவரோ 2022-இல் மதிப்புமிக்க வீரர் விருதைச் சொம்போர் நகரின் குதிரை லாயத்தில் நின்று வாங்கிக்கொண்டார். தன் குதிரை பந்தயத்தில் ஜெயித்தால் அழவும் செய்கிறார்.

ஆக, பிடிக்காத வேலை. அதில்தான் 2024-25 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 29.6 புள்ளிகள், 12.7 ரீபவுண்டுகள், 10.2 அசிஸ்ட்டுகள். உயிராக நேசிக்கும் தொழிலில் நம்மில் பலர் காட்டும் கணக்கை இங்கே சொல்ல வேண்டாம். (அந்த ஊர்வலத்தை அவர் ஏகத்துக்கும் அனுபவித்தார் என்பது வழக்குக்கு உதவாத சாட்சியம், தள்ளுபடி.)

சந்தேகம் தீராதவர்கள் சொம்போருக்கு ஆள் அனுப்பி அந்தக் குதிரைகளை விசாரிக்கலாம். எஜமானரைவிட அவை கொஞ்சம் அதிகமாகவே பேசக்கூடும்.